கறுப்பைத் தீட்டினால் நீலம் வருவது எப்படி?

கோவையில் வார இறுதிப் பீங்கான் வகுப்புக்கு முதன்முதலாகப் போகிறவர்கள் கொஞ்சம் குழம்பித்தான் போவார்கள். நீலப் பூ வரையச் சொல்லிவிட்டு, கையில் கொடுப்பது கரிக்குழம்பு மாதிரி ஒன்றை. அது கோபால்ட் ஆக்சைடு. சூளைக்குள் போய்வந்தால்தான் நீலமாகும்.

வரையக் கொடுக்கும் கோப்பை ஏற்கெனவே சுமார் 1000 டிகிரி செல்சியஸில் ஒருமுறை வெந்தது. உடம்பெல்லாம் நுண்துளைகள். தூரிகை பட்டதும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நிறத்தூள் மேலே ஒட்டிக்கொள்ளும். யோசித்து யோசித்து இழுத்தால் கோடு திக்கித் திக்கி நிற்கும். தூரிகையை நன்றாக நனைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட வேண்டும். அழிக்கவும் முடியாது. என்னைக் கேட்டால் பாதி சுகம் அதில்தான் இருக்கிறது.

அப்புறம் கோப்பையைக் கிளேஸில் முக்குவார்கள். வரைந்தது அத்தனையும் வெள்ளைப் பூச்சுக்குள் மறைந்துபோகும். கிளேஸ் என்பது வேறொன்றுமில்லை, உருகக் காத்திருக்கும் கண்ணாடி. அதற்கு மூலம் சிலிக்கா. நம்மூர்ச் செம்மண் காட்டில் வெள்ளை வெளேரென்று கிடக்கிறதே வெங்கச்சாங்கல், அதுவும் சிலிக்காதான். தனியாக உருக்கினால் 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். நாமக்கல், கரூர்ப் பக்கம் வெட்டியெடுக்கும் ஃபெல்ட்ஸ்பார் கல்லைப் பொடித்து, கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்தால் 1200 சுமாரிலேயே இளகிவிடும். ஃபெல்ட்ஸ்பாரில் உள்ள சோடியமும் பொட்டாசியமும் சிலிக்காவின் பிணைப்பைத் தளர்த்துகின்றன. அதிலேயே இருக்கும் அலுமினா, உருகியது வழிந்தோடாமல் பிடித்துவைக்கிறது.

கிளேஸ் பூசிய கோப்பை மறுபடி சூளைக்குள் போகும்போது, இளகிய கண்ணாடியில் கோபால்ட் கரைகிறது. ஒவ்வொரு கோபால்ட் அயனியையும் நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்துகொள்ள, அந்த அமைப்பு மஞ்சள், ஆரஞ்சுப் பக்கத்து ஒளியை விழுங்கிவிடுகிறது. மிஞ்சி வருவது நீலம். கிளேஸில் 1 சதவீதம் கலந்தாலே அடர்நீலம்தான்.

கோபால்ட் சாது, சூளையில் காற்று கூடினாலும் குறைந்தாலும் நீலம்தான். செம்பு அப்படியல்ல. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் பச்சை, பஞ்சம் வந்தால் ரத்தச் சிவப்பு. இரும்பும் காற்றுக்கேற்ப நிறம் மாறும். நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த கருப்பு-சிவப்புப் பானைகள் இதே வித்தைதான்: காற்றுபட்ட வெளிப்புறம் சிவக்க, காற்று எட்டாத உட்புறமும் வாய்விளிம்பும் கறுத்துப்போயின.

வெந்ததும் ஓடிப்போய்ச் சூளையைத் திறக்கக் கூடாது. ஆறும்போது 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் (அதே வெங்கச்சாங்கல்தான்) திடீரென்று சுருங்கும்; அந்நேரம் குளிர்காற்று பட்டால் கோப்பை விரிசல் விட்டுவிடும். பெரிய சூளை என்றால் ஆற ஒரு நாளுக்கு மேலும் ஆகும்.