நெற்றியில் ஓர் எழுத்து

"எங்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்தான். மேலாளராகி ஆறே மாதத்தில் ஆளே மாறிவிட்டார். பதவி வந்தால் மூளை மாறுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இரவு பதினொரு மணிக்கு அந்த மேலாளரிடமிருந்து செய்தி வருமாம்: "காலையில் வந்ததும் என்னைப் பாருங்கள்." அவ்வளவுதான். அனுப்பியவர் தூங்கிவிடுவார்; வாசகிக்கு விடியும்வரை தூக்கம் வராது.

வேண்டுமென்றே வதைப்பவர்கள் உண்டு, அவர்களிடம் பிறகு வருகிறேன். முதலில் ஒரு சின்ன வேலை. ஆள்காட்டி விரலால் உங்கள் நெற்றியில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'இ'யை எழுதுங்கள், மூன்று பல் சீப்பு மாதிரி இருக்குமே, அதை. பற்கள் உங்கள் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் உங்கள் பார்வையில் எழுதியிருக்கிறீர்கள். எதிரில் நிற்பவருக்கு அது இடவலம் மாறித் தெரியும். இடப்பக்கம் என்றால், அவர் படிப்பதற்காக எழுதியிருக்கிறீர்கள்.

உளவியலாளர் ஆடம் கலின்ஸ்கி குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் செய்தார்கள். பாதிப் பேரிடம், பிறர்மேல் தங்களுக்கு அதிகாரம் இருந்த ஒரு சம்பவத்தை நினைத்து எழுதச் சொன்னார்கள். மீதிப் பேரிடம், தாங்கள் பிறர் அதிகாரத்தின் கீழ் இருந்த சம்பவத்தை. பிறகு நெற்றியில் எழுத்து. அதிகாரத்தை நினைத்தவர்கள் தங்கள் பார்வையில் எழுதியது மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. யாருக்கும் பதவி கொடுக்கவில்லை, நாற்காலி கொடுக்கவில்லை. சில நிமிட நினைவே எதிரில் இருப்பவரின் கண்ணை மறக்கடித்துவிட்டது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

கனடாவில் சுக்விந்தர் ஒபியும் சகாக்களும் 2014இல் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஒரு கை ரப்பர் பந்தை அழுத்துவதை நாம் பார்த்தால், நம் மூளையில் கையை இயக்கும் பகுதியும் லேசாக விழித்துக்கொள்ளும். அதிகார நினைவில் இருந்தவர்களிடம் இந்த எதிரொலி மங்கியிருந்தது.

சரி, வதைப்பவர்கள்? நத்தானியல் ஃபாஸ்ட், செரினா சென் இருவரின் 2009 ஆய்வில், அதிகாரம் மட்டும் யாரையும் மூர்க்கமாக்கவில்லை. அதிகாரமும் 'இதற்கு நான் லாயக்கில்லையோ' என்ற பயமும் சேர்ந்தபோதுதான், ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பிறர் காதில் ஒலிக்கப் பெரிய சத்தத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய சுயமதிப்பை நினைவூட்டியதும் அந்த வேகம் தணிந்தது.

'திட்டினால்தான் வேலை நடக்கும்' என்பதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். திட்டு வாங்குகிறவர்கள் வேலையை விட்டுப் போவதுதான் அதிகம் என்று 2000இலேயே மேலாண்மை ஆய்வாளர் பென்னட் டெப்பர் காட்டிவிட்டார். ஊழியர்களுக்கு மன அழுத்தப் பயிற்சி நடத்தும் பணத்தில் பாதியையாவது புதிய மேலாளர்களைத் தயார்படுத்தச் செலவிடலாம்.

வாசகிக்கு ஒரு யோசனை. "என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பினால் நிம்மதியாகத் தூங்குவேன்" என்று அவரிடமே சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவரின் கண்ணை மறந்தவர் என்றால் பெரும்பாலும் சேர்ப்பார். 'லாயக்கில்லையோ' என்று பயந்தவர் என்றால் கோபம் வரலாம். அப்போது அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.