அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா?

வாக்குப்பதிவு அன்று காலையில் வட சென்னையின் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பக்கமிருந்து எனக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே புகார்தான்: "சார், ஓட்டர் ஐடி கையிலயே இருக்கு, லிஸ்ட்ல பேர் இல்லன்னு திருப்பி அனுப்புறாங்க." அந்த நேரத்தில் எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆவது பிரிவுப்படி, அந்தத் தொகுதியின் பட்டியலில் பெயர் இல்லாதவர் அங்கே ஓட்டுப் போட முடியாது. புகைப்பட அட்டை என்பது டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது 1993இல் வந்த ஏற்பாடு. வந்திருக்கும் ஆள் இவர்தான் என்று காட்ட மட்டும்தான் அது உதவும்.

நம் நாட்டில் ஓட்டுச் சட்டங்களின் வரலாற்றைப் படித்தால், பட்டியலுக்குள் யார், வெளியே யார் என்ற சண்டைதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கிலேயர் கொண்டுவந்த 1919 இந்திய அரசுச் சட்டப்படி நடந்த தேர்தல்களில் ஓட்டு வேண்டுமென்றால் சொத்தோ வரி ரசீதோ காட்டியாக வேண்டும். ஜார்ஜ் டவுன் வியாபாரிக்கு ஓட்டு இருந்தது. பெரம்பூர் மில்லில் நூல் நூற்றவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. 1921இல் சென்னை மாகாண சட்டமன்றம், பெண் என்பதற்காக மட்டும் ஓட்டை மறுக்கும் தடையை நீக்கியது. இந்திய மாகாணங்களில் இதில் முந்தியது நாம்தான், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் சொத்துத் தகுதி அப்படியே இருந்ததால், உள்ளே வந்த பெண்கள் கொஞ்சம் பேர்தான். இங்கிலாந்திலேயே பெண்களுக்கு ஆண்களோடு சமமான ஓட்டு 1928இல்தான் வந்தது, பட்டதாரிகளுக்கும் தொழில் இடம் வைத்திருந்தவர்களுக்கும் இருந்த கூடுதல் ஓட்டு 1948 சட்டத்தில்தான் ஒழிந்தது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 326ஆவது பிரிவு, சொத்து, படிப்பு, சாதி எதையும் கேட்காமல் 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்றது. (18 ஆனது 61ஆவது திருத்தத்தின் மூலம், 1989இல்.) அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 1948இலேயே பட்டியல் வேலை தொடங்கிவிட்டது. பிரிவினையில் வீடிழந்து வந்த அகதிகளிடம் ஆவணம் எங்கே இருக்கும்? இங்கேயே தங்கப் போகிறோம் என்ற உறுதிமொழியை வைத்தே அவர்களைச் சேர்த்தார்கள். அதே சமயம், முதல் பொதுத்தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் விட்டுப்போனது, பெரும்பாலும் வட மாநிலங்களில். கணக்கெடுக்க வந்தவரிடம் சொந்தப் பெயரைச் சொல்லாமல் "இன்னார் மனைவி", "இன்னார் அம்மா" என்று சொல்லிவிட்டார்கள் என்பதுதான் காரணம்.

சரி, இப்போது நம் ஏரியாவுக்கு வருவோம். வாக்காளர் பட்டியலைப் பற்றிய 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆவது பிரிவு கேட்பது வயதையும், அந்தத் தொகுதியில் நீங்கள் வழக்கமாக வசிக்கிறீர்களா என்பதையும்தான். ஒரு இடத்தில் சொந்த வீடு இருப்பதாலேயே அங்கே ஓட்டு வந்துவிடாது என்று 20ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அப்படியிருக்க, ஹவுஸ் ஓனர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் என்று வாடகை வீட்டுக்காரர்கள் விண்ணப்பிக்காமலேயே இருந்துவிடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் வசிப்பிடம் போய்விடாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. கடலுக்குப் போய் நாட்கணக்கில் தங்கும் காசிமேட்டுக்காரர், வெளியூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் பெயிண்டர், எல்லோருக்கும் இது பொருந்தும். நடைபாதையில் படுப்பவரும் சேரலாம். முகவரிச் சான்று இல்லாவிட்டால் பூத் அலுவலர் இரவில் நேரில் வந்து, அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குடிசையிலிருந்து பெரும்பாக்கம், கண்ணகி நகர் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டவர்கள் மட்டும் தயவுசெய்து படிவம் 8 கொடுத்து புது முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பழைய இடத்தில் வீடே இல்லாதபோது அங்கே உங்கள் பெயர் நிலைக்காது, புது இடத்தில் தானாகவும் வராது.

இடம் மாறிவிட்டார் என்று சொல்லி பெயரை நீக்குவதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும், அது அதே 1950 சட்டத்தின் 22ஆவது பிரிவில் உள்ள கட்டாயம். டெல்லி, பம்பாய் குடிசைப் பகுதிகளில் போலீஸ் அறிக்கையை வைத்து மொத்தமாகச் சந்தேகப்பட்ட விவகாரத்தில், 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது: ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் பெயர் முறைப்படி விசாரித்துத்தான் சேர்க்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும், நீக்க நினைத்தால் நோட்டீஸ் கொடுத்து, ஆதாரத்தைக் காட்டி, பதிலைக் கேட்க வேண்டும்.

அதனால் பெயர் இல்லை என்று தெரிந்தால் வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்து ரசீது எண்ணை வாங்குங்கள். மறுத்தால் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். அந்த உத்தரவிலிருந்து 15 நாளுக்குள் மாவட்ட அளவிலான அதிகாரியிடம் மேல்முறையீடு, அங்கும் நடக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அலுவலரிடம். தேர்தல் அறிவிப்பு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம், வேட்புமனுவுக்கான கடைசி நாள் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க 23ஆவது பிரிவு இடம் கொடுப்பதில்லை.