அந்த மீட்டிங் லிங்க் யார் கணக்கில் இருக்கிறது?

திங்கள்கிழமை காலை 9 மணி. வாராந்திர வீடியோ மீட்டிங்கில் சேரப் பார்த்த எல்லோருக்கும் ஒரே செய்தி: ‘இந்த மீட்டிங் ஐடி செல்லாது.’ இணையத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. அந்த மீட்டிங்கை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை அவர் கணக்கை நீக்கியது நான்தான். லிங்க்கோடு, புதிதாகச் சேருபவர்களுக்காக அவர் பொறுமையாகப் பேசிப் பதிவு செய்திருந்த பயிற்சி ரெக்கார்டிங்குகளும் போய்விட்டன. அவற்றை இன்னொருவர் கணக்குக்கு மாற்றிவிட்டு நீக்க வழி இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

அலுவலகத்துக்கான வீடியோ மீட்டிங் கணக்குகளைத் திட்டமிட உட்கார்ந்தால் முதல் கேள்வி ‘எத்தனை லைசென்ஸ்?’ என்பதாகத்தான் இருக்கும். அது சுலபம். மீட்டிங் நடத்துபவர்களை மட்டும் எண்ணுங்கள். ஜூமில் இலவசக் கணக்கில் நடத்தினால் 40 நிமிடத்தில் முடிந்துவிடும், அதனால் நடத்துபவருக்குக் கட்டணக் கணக்கு வேண்டும். வந்து கலந்துகொள்பவருக்கு வேண்டியதில்லை.

ஆனால் செலவைக் குறைக்க ஒரே கணக்கின் பாஸ்வேர்டைப் பத்துப் பேரிடம் கொடுக்காதீர்கள். ஒருவர் நேர்காணல் நடத்திக்கொண்டிருப்பார். அதே கணக்கில் இன்னொருவர் தன் மீட்டிங்கைத் தொடங்குவார். ‘நடந்துகொண்டிருக்கும் மீட்டிங்கை முடிக்கவா?’ என்று திரை கேட்கும். அவசரத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிடுவார். அங்கே வேலைக்கு வந்தவர் பாதிப் பதிலில் இருக்கும்போதே திரை அணைந்துவிடும். என் கண்ணெதிரே நடந்தது இது. அவர் என்ன நினைத்திருப்பார்?

மீட்டிங் அறையில் இருக்கும் கருவிக்குத் தனிக் கணக்கு கொடுங்கள், யாருடைய சொந்தக் கணக்கிலும் அதை ஓட்டாதீர்கள். அட்மின் உரிமை குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். முடிந்தால் அலுவலக மின்னஞ்சலின் உள்நுழைவோடு மீட்டிங் கணக்கையும் இணைத்துவிடுங்கள். மின்னஞ்சல் கணக்கை நிறுத்தினால் இங்கேயும் உள்ளே வர முடியாது.

அப்புறம், ஒருவர் விலகும்போது கணக்கை உடனே நீக்க வேண்டாம், முதலில் முடக்கி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் 365-இல் நீக்கிய கணக்கை 30 நாளுக்குள் மீட்கலாம். அதற்குப் பிறகு வழியில்லை. அதன் மீட்டிங் செயலியான டீம்ஸில் யாரும் விலகாவிட்டாலும், செட்டிங்கை மாற்றாத வரை புது ரெக்கார்டிங் 120 நாளில் காலாவதியாகிவிடும். வேண்டியதைக் குழுவின் பொது இடத்துக்கு மாற்றிவிடுவதுதான் சரி.

இப்போதெல்லாம் மனிதவளத் துறையிடம் கடைசி வேலைநாளை ஒரு வாரம் முன்னதாகவே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். விலகுபவரோடு உட்கார்ந்து அவர் காலண்டரைத் திறந்து, தொடர் மீட்டிங் ஒவ்வொன்றையும் இனி யார் நடத்துவது என்று எழுதிக்கொள்கிறோம். லிங்க் மாறுவதாக இருந்தால் புதியதை அவரையே அனுப்பச் சொல்கிறேன். பழகிய பெயரிலிருந்து வந்தால்தான் ஆட்கள் பழைய லிங்க்கை விடுகிறார்கள்.