கவுண்டியின் வருமானம் ஏறினால் யாருடைய வருமானம் ஏறியது?

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் மெக்கென்சி என்றொரு கவுண்டி, நம்மூர் மாவட்டம் போல. 2010 கணக்கெடுப்பில் அங்கே 6,360 பேர், 2020இல் 14,704 பேர். அந்தப் பத்தாண்டில் நாட்டிலேயே மிக வேகமாக மக்கள்தொகை பெருகிய கவுண்டி இதுதான். காரணம், பாக்கன் பாறையடுக்கில் கிடைத்த எண்ணெய். இப்படிப்பட்ட ஓர் ஊரின் குடித்தன வருமானத்தை ஆண்டுவாரியாக வரைந்து, கோடு ஏறியிருப்பதைப் பார்த்ததும் "ஊர்க்காரர்கள் வசதியாகிவிட்டார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். கவுண்டி தரவுகளே என் அன்றாட வேலை. அதனால் அழுத்திச் சொல்கிறேன்: அந்தக் கோடு அதைச் சொல்லவே இல்லை.

அந்தக் கோடு காட்டுவது இடைநிலை வருமானத்தை. எல்லாக் குடித்தனங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடித்தனத்தின் வருமானம்தான் இடைநிலை அளவு. சராசரியைப் போல நாலு பணக்காரர்களால் அது எகிறிவிடாது. ஆனால் வரிசையில் நிற்பவர்களே மாறிவிட்டால்? 2020இல் மெக்கென்சியில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் 2010க்குப் பிறகு வந்தவர்கள் அல்லது பிறந்தவர்கள். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மூதாட்டி வாடகை கட்டுப்படியாகாமல் வெளியூர் போகிறார். அதே வீட்டில் எண்ணெய் லாரி ஓட்டும் தம்பதி குடியேறுகிறார்கள். ஒருவருக்கும் ஒரு டாலர்கூடக் கூடவில்லை, இடைநிலை அளவு மட்டும் மேலே போகிறது. 'மேன் கேம்ப்' எனப்படும் தொழிலாளர் விடுதிகளில் தங்குபவர்களோ குடித்தனக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

அடுத்தது, இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தும் சென்சஸ் பீரோவின் 'அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே' என்ற மாதிரிக் கணக்கெடுப்பு ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளைத்தான் எடுக்கிறது. அதில் ஒரு கிராமக் கவுண்டிக்கு விழும் பங்கு மிகச் சிறியது. எனவே 65,000 பேருக்குக் குறைவான இடங்களுக்கு வழக்கமான ஓராண்டு மதிப்பீடு கிடையாது, ஐந்தாண்டுகளைச் சேர்த்த ஒரே எண்தான். 2014 நடுவில் ஒரு பீப்பாய் எண்ணெய் 100 டாலருக்கு மேல் விற்றது, 2016 தொடக்கத்தில் 30க்குக் கீழே விழுந்தது. 2012–2016 மதிப்பீட்டில் ஏற்றமும் சரிவும் ஒன்றாகக் கரைந்து கிடக்கின்றன. 2013–2017ஐ 2014–2018உடன் ஒப்பிடுவதிலும் பயனில்லை, இரண்டுக்கும் நான்கு ஆண்டுகள் பொது.

ஒவ்வோர் ஆண்டுக்கும் தனி எண் வேண்டுமென்றால் அதே பீரோவின் 'சைப்' (SAIPE) என்ற சிறு பகுதி வருமான, வறுமை மதிப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மாணவர்கள் 'ஃப்ரெட்' (FRED) என்ற பொருளாதாரத் தரவுத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் கவுண்டி வருமான வரிசை இதுதான். வருமான வரித் தாக்கல் போன்ற அரசுப் பதிவுகளைக் கொண்டு ஒரு மாடல் கட்டி, சர்வே விடையோடு கலக்கிறார்கள். சர்வேயில் அகப்பட்ட வீடுகள் குறையக் குறைய மாடலின் கை ஓங்கும். இது ஏமாற்று அல்ல, நல்ல புள்ளியியல். ஆனால் அது மதிப்பீடுதான், எண்ணிச் சொன்ன எண் அல்ல. உண்மை எண் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று காட்டும் 90 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் அவர்கள் கூடவே தருகிறார்கள். படம் வரைபவர்கள் முதலில் தூக்கி எறிவது அதைத்தான், எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

கற்பனையாக ஒரு கணக்கு. ஐந்தாண்டு மதிப்பீடு ஒன்று 48,000 டாலர், பிழை வரம்பு 6,000, அதாவது அவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம். அதற்கு அடுத்த ஐந்தாண்டுக்கு 52,000, பிழை வரம்பு 5,000. வித்தியாசம் 4,000. இரண்டு வரம்புகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 7,800, இதுதான் வித்தியாசத்தின் பிழை வரம்பு. வித்தியாசம் அதைவிடச் சிறியது. ஆக, வருமானம் ஏறியது என்று சொல்ல இந்தத் தரவில் ஆதாரம் இல்லை. இதைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும், ஆனால் கவுண்டிக்கு உதவி தேவையில்லை என்று முடிவெடுக்கும் கூட்டங்களில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

விலைவாசியையும் கழிக்க வேண்டும். 2000இல் 100 டாலருக்கு வாங்கியதை 2020இல் வாங்க 150 டாலர் ஆனது. 'சைப்' வரிசை அந்தந்த ஆண்டு டாலரிலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, அதன் அடிப்படை சர்வே 2005இல் மாறியது. அந்த ஆண்டில் ஒரு துள்ளல் தெரிந்தால் முதலில் சர்வேயைச் சந்தேகியுங்கள்.

கடைசியாக, கவுண்டிகளே பெயர் மாறும். தெற்கு டகோட்டாவில் பைன் ரிட்ஜ் பழங்குடிப் பகுதிக்குள் அமைந்த ஷானன் கவுண்டி 2015இல் ஓக்லாலா லகோட்டா என்று பெயர் மாறியது. தரவுகளில் அதை அடையாளம் காட்டும் குறியீட்டு எண்ணும் 46113இலிருந்து 46102 ஆனது. பழையதையும் புதியதையும் இணைக்காமல் பல ஆண்டுத் தரவைக் கோத்தால், நாட்டின் மிக ஏழ்மையான கவுண்டிகளில் ஒன்று வரிசையிலிருந்தே விழுந்துவிடும். கோத்த பிறகு ஒருமுறை கவுண்டிகளை எண்ணிப் பாருங்கள்.