மேட்டத் தேடி ஏறுற பிளேடு

பெரியபட்டினத்துல படகு கட்டுற பட்டறை ஒண்ண மூடினப்போ, மூலையில ரெண்டு வாடைக்காலம் நனைஞ்சு கிடந்த 14 இன்ச் பேண்ட்சாவ எடைக்கு வாங்கிட்டு வந்தேன். மேலயும் கீழயுமா ரெண்டு வீலு, அதுல வளையமா மாட்டின ரம்பப் பிளேடு ஓடி மரம் அறுக்குற மிஷின் அது. பிளேடு வீல்ல நிக்கவே இல்ல, கையால சுத்தினாலே முன்பக்கம் கழண்டு விழுந்துச்சு. பக்கத்து வீட்டு ஆசாரி மாமா பாத்துட்டு, "ஏன் மாப்ள, வீலு ஓரத்துல ஒரு வரம்பு வச்சிருந்தா விழாதுல்ல?"ன்னாரு.

வரம்பு வச்சா பல்லு அதுல உரசி மழுங்கிரும். அதனாலதான் வீல் மேல இருக்குற ரப்பர் டயர நடுவுல லேசா மேடா விட்டு ரெண்டு ஓரத்தையும் சரிச்சிருக்காங்க, பிளேடு அந்த மேட்டுலயே நிக்கும். ஆனா எதுவா இருந்தாலும் பள்ளத்துக்குத்தான வரும், இது மட்டும் ஏன் மேட்டுக்கு ஏறுது?

வாய் அகலமா அடி குறுகலா இருக்குற எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு எடுங்க. விரல் அகலத்துக்கு நேரா வெட்டின நீளப் பேப்பர அதுல படுக்க வச்சு, சுருக்கம் விழாம அது போற போக்குலயே சுத்துங்க. ஒரு சுத்து முடியறதுக்குள்ள பேப்பர் வாய்ப்பக்கம் ஏறியிருக்கும். பிளேடும் அப்படித்தான், சரிவுல படுக்கும்போது அகலமான பக்கத்துக்கு ஏறுது, உச்சி தாண்டினா அந்தப்பக்க சரிவு திருப்பி அனுப்புது, கடைசியில நடுவுல வந்து நிக்குது.

என் மிஷின்ல டயர் கல்லு மாதிரி இறுகி, மேடு தேஞ்சு தட்டையாயிருந்துச்சு, மேல மரத்தூள் வேற அப்பிக்கிடந்துச்சு. புது டயர் மாட்டினேன். அப்புறம் பிளக்க பிடுங்கிட்டு, பிளேட இறுக்கி, கையால சுத்திக்கிட்டே மேல் வீலோட சாய்வத் திருகுல கொஞ்சங்கொஞ்சமா மாத்துனா பிளேடு நடுவுக்கு வந்துருச்சு. பிளேடு ஆடாம பிடிக்கிற கைடு எல்லாம் இதுக்கு அப்புறந்தான். பிளேடுக்கும் பக்க கைடுக்கும் நடுவுல ஒரு பேப்பர் நுழையுற இடம் போதும், பல்லு மட்டும் கைடுல படக்கூடாது.

துருதான் நம்ம ஊருல பெரிய வேல. 1914ல திறந்த பாம்பன் ரயில் பாலத்தயே துரு அரிச்சு 2022 டிசம்பர்ல ரயில நிறுத்த வேண்டியதாப் போச்சு. கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கு, அது காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், வெயில் காலத்துலயும் இரும்பு மேல ஈரப்படலம் காயாது. உப்ப வச்சுக்கிட்டே எண்ணெய் தடவினா அடியில துரு வளரத்தான் செய்யும். மரத்த வச்சு அறுக்குற இரும்பு டேபிள முதல்ல நல்ல தண்ணியில கழுவி, நல்லா காயவச்சு, எமரி பேப்பர் போட்டு, அதுக்கப்புறம் எண்ணெய் தடவுங்க. இரும்பு மேல தண்ணியான்னு பயப்படாதீங்க.

பழைய பிளேட மட்டும் தேய்ச்சு மாட்டிராதீங்க, தயவு செஞ்சு. என் பிளேடு சுமார் 2.4 மீட்டர், நிமிஷத்துக்கு 900 மீட்டர் ஓடுதுன்னா செகண்டுக்கு ஆறு சுத்துக்கு மேல. ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு வீல்லயும் வளைஞ்சு நிமிருது, ஒரு மணி நேரத்துல 45,000 தடவ. பல்லுக்கு அடியில துரு தோண்டின குண்டூசி முனை அளவு குழி இருந்தாப் போதும், விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். நான் கழட்டுன பிளேட வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தப்போ பல்லு அடியில தலமுடி மாதிரி ஒரு கோடு, பாதி அகலம் வரைக்கும் ஓடியிருந்துச்சு. அத ரெண்டா மடிச்சு மாமா கையில குடுத்தேன், அந்த இடத்துலயே டப்புன்னு ஒடிஞ்சுது.