ஹெர்மிட்: துறவியா, ஏகாந்தியா?

குறி பார்க்கப் பயன்படுத்தும் டாரட் சீட்டுக்கட்டில் மொத்தம் 78 சீட்டுகள், அதில் மேஜர் அர்கானா எனப்படும் 22 பெரிய சீட்டுகளில் 9ஆம் எண் உள்ளதுதான் ஹெர்மிட். தமிழில் இதைப் பெரும்பாலும் 'துறவி' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது பொருந்துவதாகவே படவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சொல்லின் வேர். கிரேக்கத்தில் 'எரேமோஸ்' என்றால் ஆளரவமற்ற இடம், பாலை. அங்கே போய் வாழ்பவர் 'எரேமிதேஸ்'. அது லத்தீனுக்குப் போய் 'எரெமித்தா' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது ஹெர்மிட். முன்னால் ஒட்டியிருக்கும் அந்த 'ஹ' வேரில் கிடையாது, வழியில் சேர்ந்துகொண்டது. எகிப்தின் பாலைவனத்தில் தனியே வாழ்ந்த கிறிஸ்தவத் தவசிகளை இப்படித்தான் அழைத்தார்கள், அவர்களில் ஒருவரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'வனத்து அந்தோணியார்' என்பார்கள். பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பிலும் 'எரேமோஸ்' வரும் இடத்தில் பெரும்பாலும் 'வனாந்தரம்' என்றே இருக்கும். பாலை நம் மொழிக்குள் வந்ததும் வனமாகிவிட்டது, ஆனால் ஆளில்லாத இடம் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

ஆக, ஹெர்மிட் என்ற சொல் சொல்வது இடத்தை. துறவி என்ற சொல்லோ செயலைச் சொல்கிறது, துற என்றால் விட்டுவிடு. வீட்டை, உறவை, சொத்தை விட்டவர் துறவி, அவர் ஊர் நடுவே ஆயிரம் பேருக்கு மத்தியில் மடத்தில் இருந்தாலும் துறவிதான். சீட்டில் இருக்கும் கிழவர் எதையும் விட்டதாகத் தெரியவில்லை, தள்ளிப் போய் நிற்கிறார், அவ்வளவுதான்.

படத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். 1909இல் லண்டனில் வெளியான கட்டுக்கு பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த ஓவியம்தான் இன்று அதிகம் புழங்குகிறது. பனி மூடிய உச்சி, சாம்பல் நிற அங்கி, ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் தூக்கிப் பிடித்த விளக்கு, அதற்குள் ஆறுமுனை நட்சத்திரம். தலை குனிந்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சீட்டுகளில் இந்தக் கிழவர் கையில் இருந்தது விளக்கே இல்லை, மணற்கடிகாரம்! பெயரும் வெறுமனே 'கிழவர்' என்பது போலத்தான் இருந்தது. காலத்தைக் குறித்த உருவம் பிறகு தேடலைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

சீட்டு நேராக விழுந்தால், கொஞ்ச நாள் ஒதுங்கி உன்னையே கேட்டுப் பார் என்று பொருள் சொல்வார்கள். நான் எதைத் தேடுகிறேன், யாருக்காக ஓடுகிறேன், இந்த முடிவு என்னுடையதுதானா, இந்த மாதிரி கேள்விகள். தலைகீழாக விழுந்தால், ஒதுங்கியது எல்லை மீறி ஆள் தனக்குள்ளேயே அடைபட்டுப் போனார், அல்லது தனியே உட்கார வேண்டிய நேரத்தில் தப்பித்து ஓடுகிறார். (சீட்டு எதிர்காலம் சொல்லுமா என்றால் எனக்கு நம்பிக்கை கிடையாது, கேள்வி நல்ல கேள்வி என்பதால் எழுதுகிறேன்.)

இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. 'தனிமை' என்ற ஒரே சொல்லைத் துயரத்துக்கும் வைத்துக்கொள்கிறோம், விருப்பத்துக்கும் வைத்துக்கொள்கிறோம். தனிமை வாட்டுகிறது என்கிறோம், கொஞ்சம் தனிமை வேண்டும் என்றும் கேட்கிறோம். ஆனால் ஏகாந்தம் வாட்டுகிறது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஏகாந்தம் தானாகத் தேடிப் போவது. நேர்ச்சீட்டுக்கு ஏகாந்தம், தலைகீழுக்குத் தனிமை என்று வைத்துக்கொண்டால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

சரி, ஆளுக்குப் பெயர்? 'முனிவர்' என்றால் ஜடாமுடியும் சாபமும் கூடவே வந்துவிடுகின்றன. 'ஏகாந்தி' அழகான சொல், ஆனால் வைணவத்தில் அதற்கு ஒரே தெய்வத்தைப் பற்றி நிற்பவர் என்ற பொருள் ஏற்கெனவே இருக்கிறது, அங்கே குழம்பும். தூய தமிழ்தான் வேண்டுமென்றால் 'தனித்திருப்பவர்' என்பேன். சீட்டின் பெயராக எழுத நீளம்தான். ஆனால் பசித்திரு, தனித்திரு, விழித்திரு என்ற வாக்கில் இருக்கும் அதே 'தனித்திரு' இது. அந்தக் கிழவரின் விளக்கைப் பார்த்தால் அதற்கு அடுத்த சொல்லும் அவருக்கே எழுதியது போல இருக்கிறது.