நெகிழ்வது எரிபொருளா, வண்டியா?

கோபியில் இருக்கும் என் அக்கா மகனிடம் பழைய கார்புரேட்டர் பைக் ஒன்று இருக்கிறது. போன வருஷம் அதை எத்தனாலில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு ஒரு பட்டறையில் விட்டான். அவர்கள் கார்புரேட்டரில் எரிபொருளை அளந்து விடும் மெயின் ஜெட்டின் துளையைப் பெரிதாக்கி, பெட்ரோல் ஹோஸையும் ரப்பர் வாஷர்களையும் மாற்றி, "இனிமேல் இது நெகிழ்வு எரிபொருள் வண்டி" என்று சொல்லிக் கொடுத்தார்கள். செட்டிபாளையம் பந்தயத் தளத்துக்குப் போய்வரும் நண்பர்கள் வழியாக இ85, அதாவது நூற்றுக்கு 85 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல், கேனில் கிடைத்தது. வண்டியும் நன்றாகவே ஓடியது. ஒரு நாள் நம்பியூர் பக்கம் டேங்க் காலியாகிவிட, பங்க்கில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு கிளம்பினான். கரும்புகை கக்கி, பிளக்கில் கரி பிடித்து, இரண்டு கிலோமீட்டரில் வண்டி நின்றுவிட்டது. "நெகிழ்வு எரிபொருள்னா எதை ஊத்துனாலும் ஓடும்னுதானுங்க மாமா அர்த்தம்?" என்று கேட்டான்.

அவன் கேட்டது சரியான கேள்வி. ஆங்கிலத்தில் ஃப்ளெக்ஸ் ஃபியூயல் வண்டி என்பதைத்தான் தமிழில் இப்படிச் சொல்கிறார்கள், அதற்கு அதுதான் அர்த்தம். ஒரே டேங்க்கில் பெட்ரோலையும் எத்தனாலையும் எந்த அளவில் கலந்து ஊற்றினாலும் தானே சரிசெய்துகொண்டு ஓடுகிற வண்டி. பிரேசிலில் 2003இல் ஃபோக்ஸ்வேகன் கோல் கார் அப்படி வந்தது, 2009இல் ஹோண்டா சிஜி 150 டைட்டன் மிக்ஸ் பைக் வந்தது. 'ஃப்ளெக்ஸ்' லத்தீனில் வளைவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல். சொல்லின் வரலாறு இவ்வளவுதான். சிக்கல் தமிழாக்கத்தில் இருக்கிறது.

இங்கே வளைந்து கொடுப்பது வண்டி. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் எரிந்த புகையைப் பார்த்துச் சொல்ல, இசியு என்கிற எஞ்சினின் கணினி அதற்கேற்ப எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கூடுதலாகவோ குறைவாகவோ திறக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு எத்தனாலை ஒன்றரை மடங்குக்கு மேல் ஊட்ட வேண்டும். துளையிட்ட பித்தளை ஜெட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அது ஒரே அளவில்தான் விடும். எத்தனாலுக்குப் பெரிதாக்கிய துளை வழியே பெட்ரோல் போனால் கரும்புகை வராமல் வேறென்ன வரும்?

ஆங்கிலத்தில் 'ஃப்ளெக்சிபிள்' எரிபொருளின் முன்னால் நிற்கிறதே என்று நம் மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே தூக்கி 'நெகிழ்வு எரிபொருள்' ஆக்கிவிட்டார். இப்போது நெகிழ்வது எரிபொருள் என்றாகிவிட்டது. பட்டறைக்காரர் அதை நேராகத்தான் புரிந்துகொண்டார்: இ85 நெகிழ்வு எரிபொருள், இந்த வண்டி இ85இல் ஓடுகிறது, ஆகவே இது நெகிழ்வு எரிபொருள் வண்டி. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. செய்தியிலும் விளம்பரத்திலும் நாள்தோறும் இந்தச் சொல்லை வாசித்துத் தள்ளுகிறவர்கள் மேல்தான் கோபம்.

அப்புறம், நெகிழ்தல் என்ற சொல்லையாவது யோசித்தார்களா? தலைவன் பிரிந்தால் தலைவியின் வளை நெகிழும். நல்ல வார்த்தை கேட்டால் மனம் நெகிழும். தளர்வதும் உருகுவதும்தான் அதில் இருக்கின்றன, இன்னொன்றுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வது அதில் இல்லை. போதாக்குறைக்கு பிளாஸ்டிக்குக்கு 'நெகிழி' என்று பெயர் வைத்து, 'நெகிழி தவிர்ப்போம்' என்று ஊரெல்லாம் எழுதிவைத்திருக்கிறோம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் டிவியில் 'நெகிழ்வு எரிபொருள்' என்று கேட்டுவிட்டு, "பிளாஸ்டிக்கை உருக்கி எடுக்கற எண்ணெயுங்களா?" என்றார். கரும்பு போட்டு ஆலைக்கு அனுப்புகிறவர் அவர். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் வருவது அவருக்குத் தெரியும். தன் கரும்பைப் பற்றிய செய்தியையே அவரால் அடையாளம் காண முடியவில்லை.

'இரட்டை எரிபொருள்' என்பதும் ஒத்துவராது. அது சிஎன்ஜிக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று என இரண்டு தொட்டி வைத்த வண்டிக்குப் பொருந்தும்.

எத்தனாலை 'எரிசாராயம்' ஆக்குவோரும் உண்டு. கோவைக்காரருக்கு எரிசாராயம் என்றால் வாளையார் சோதனைச் சாவடியும் கடத்தல் கேன்களும்தான் கண்முன் வரும். எத்தனால் ஒரு வேதிப்பொருளின் பெயர், அப்படியே இருக்கட்டும். பெயர்களைக் கடன் வாங்குவதில் எனக்குக் குறையில்லை. என்ன நடக்கிறது என்பதை மட்டும் தமிழில் சரியாகச் சொல்லியாக வேண்டும்.

அதற்குச் சொல் நம் காட்டிலேயே கிடக்கிறது. 1912 முதல் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்கும் ஊர் கோவை. இங்கே எந்த விவசாயியும் 'வறட்சி சகிப்புத்தன்மை கொண்ட ரகம்' என்று சொல்வதில்லை, 'வறட்சி தாங்கும் ரகம்' என்றுதான் சொல்வார். அதே வழியில், நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் ஹோஸும் சீலும் ஊறிக் கெட்டுப்போகாத வண்டியைக் 'கலவை தாங்கும் வண்டி' எனலாம். கலவை மாறும்போது தன்னையும் மாற்றிக்கொள்வது இன்னொரு படி மேல். அதற்கு 'இசைதல்' இருக்கிறது. இருவர் பேசி இசைவது போல, எஞ்சின் கலவைக்கு இசைகிறது. ஆகவே ஃப்ளெக்ஸ் ஃபியூயல் வண்டி 'கலவைக்கு இசையும் வண்டி'. தலைப்புக்கு நீளம் என்றால் 'கலவையிசை வண்டி' என்று சுருக்கலாமே என்றார் நண்பர். வேண்டாம், பாட்டுக் கச்சேரி வண்டியாகிவிடும். நீளமாகவே இருக்கட்டும்.

மூன்றாவது வகை, எத்தனாலுக்கென்றே அமைத்த வண்டி. ஓசூரின் டிவிஎஸ் 2019 ஜூலையில் வெளியிட்ட அப்பாச்சி ஆர்டிஆர் 200 எஃப்ஐ இ100 அந்த வகை. அக்கா மகனின் பைக்கும் பட்டறையில் அந்த வகையாகத்தான் மாறியது. அதற்கு 'எத்தனால் வண்டி' என்ற இரண்டு சொல் போதும். பிளக்கைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு, அதையே டேங்க் மூடிக்குப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். 'எத்தனால் வண்டி, பெட்ரோல் ஊற்றாதீர்' என்று மஞ்சள் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறான்.